புது ஆசிரியர்கள் ஏழு பேர்

கண்ணுகளா, அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களைக் கூட்டிப்போய் இடங்களைக் காட்டி, விதிகளை விளக்குவது ஓர் அலுவலக உதவியாளரின் வேலை. அந்த வருஷம் ஏழு பேரை எடுத்திருந்தார்கள். ஏழாவது, அவருடைய ஒரே மகள். சேர ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள்.

மற்ற ஆறு பேரோடு அவர் கிளம்பினார். நூலகத்தில் ஆறு அட்டை கேட்டார். "ஏழு பேர் நிக்கிறாங்களே," என்று ஏழு கொடுத்தார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அறைச் சாவிகளும் அப்படியே ஏழு போயின. அவர் அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

விடுப்பு விதிகளைச் சொல்லும்போது ஒருவர் கேட்டார்: "வீட்ல யாராவது தவறிட்டா எத்தனை நாள் லீவு சார்?"

"மூணு நாள்."

"நீங்க எடுக்கலையாப்பா?" என்றது பின்னாலிருந்து மகளின் குரல்.

"இன்னைக்கு உனக்கு முதல் நாளாச்சேம்மா," என்றார்.

சுற்றிக்காட்டுவதை அதோடு முடித்திருக்க வேண்டும். முடித்தால் அவள் போய்விடுவாளே! சைக்கிள் நிறுத்துமிடத்தைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்.

"விட்டா நம்ம வீட்டுக்கே வழி காட்டுவார் போல," என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆறு பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

சாயங்காலம் மூன்றாம் மாடிக் கோடியில் அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது: "எல்லாம் பார்த்தாச்சுப்பா."

"இல்லம்மா, இன்னும் ஒரு மாடி பாக்கியிருக்கு," என்றார் அவர்.

அந்தக் கட்டிடத்தில் அதற்கு மேல் மாடி கிடையாது.