பிரேக்கில் காற்று

"காத்து எங்கிட்டிருந்துதான் வருது மாப்ள? நேத்துதானே எடுத்துவிட்டீக?"

மாமனார் ஏசுவடியான் கேட்டதும் மெல்வின் பிரேக் லீவரை மறுபடி அழுத்திப் பார்த்தான். ராஜபாளையத்தில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். மாமனாரின் பழைய பைக்கை அக்கக்காகப் பிரித்து, ஆறு மாதம் உழைத்துப் புதிதாக்கியவன். அந்த மும்முரத்தில் கல்யாண நாளையே மறந்துபோனான். மனைவி எப்சி கோபித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. அவளில்லாத வீட்டுக்குள் நுழையவே அவனுக்குப் பிடிக்கவில்லை. கூப்பிடவும் வாய் வரவில்லை.

வண்டியைக் கொண்டுவந்து கொடுத்த மறுநாளே வம்பு தொடங்கியது. மாலையில் சரிசெய்துவிட்டுப் போனால், விடிந்ததும் பிரேக் ஆயிலில் காற்று புகுந்து லீவர் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஊரார் வண்டியெல்லாம் அடங்கும் கைக்கு மாமனார் வண்டி மட்டும் அடங்க மறுத்தது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கீழே ஸ்பானரால் நட்டைத் திறந்து மூட வேண்டும். முதல் நாள் மாமனார்தான் லீவரைப் பிடிக்க வந்தார்.

"கை வலிக்கும், தள்ளுங்கப்பா" என்று எப்சி வந்து பிடித்துக்கொண்டாள்.

"பிடி", "விடு" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்தது. மறுநாள் "சாப்பிட்டீகளா?" வரை வந்தது. இன்று மூன்றாம் நாள். நட்டில் மாட்டிய டியூபில் குமிழி வருவதைப் பார்த்தபடியே மெல்வின் சொன்னான்:

"கல்யாண நாளை மறந்தது என் தப்புதான். பிடி."

"இப்பவாவது தெரிஞ்சுதே."

"விடு. நீ இல்லாம ஒண்ணுமே ஓடல எப்சி. வீட்டுக்கு வாயேன்."

லீவரை விட்டவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பையை எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

மெல்வினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமனாரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, நட்டைத் தெறந்து காத்தை ஏத்துனது நீங்கதானே? நல்ல காரியம் பண்ணீக."

"நானா? அந்த நட்டு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. எம் மவளைப் பாக்க நீங்கதான் இப்படி வழி பண்ணுதீகன்னு நெனச்சேன் மாப்ள!"

இருவரும் விழித்துக்கொண்டு நிற்க, எப்சி பையோடு வாசலுக்கு வந்தாள்.

"செத்த நில்லுங்க. எதுத்த வீட்டு ஸ்பானர் மூணு நாளா எங்கிட்டதான் கெடக்கு. கொடுத்துட்டு வந்திருதேன்."