விதையனின் தலை

பங்குனி எட்டாம் தேதி காலை ஏழு மணி வரை, நூறு ஆலிவ் மரங்கள் நின்ற தோட்டத்தில் ஒருமுறைகூடக் காய்க்காத ஒரே மரம் விதையன். கொட்டையிலிருந்து முளைத்தவன், வயது ஒன்பது. பக்கத்தில் நின்ற குச்சியன், வெட்டிய கிளையை நட்டதில் வளர்ந்தவன். நாலாம் வருஷமே காய்த்துவிட்டான்.

“ஒடித்து நட்ட பயலே, உனக்கு ஆணிவேர் உண்டா?” என்றான் விதையன்.

“இல்லைங்கண்ணே. காய்தான் உண்டு.”

அப்போது தோட்டக்காரர் ரம்பத்தோடு வந்து விதையனை இடுப்போடு அறுத்தார். அறுத்த இடத்தைப் பிளந்து, குச்சியனின் இளங்கிளை ஒன்றைச் செருகி ஒட்டுக் கட்டினார்.

விதையனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. “ஐயோ, என் தலைமேல் யாருடா?”

“நான்தாண்ணே. வேரைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

ஒட்டுக் கட்டிய நான்காம் ஆண்டு, ஐப்பசி மூன்றாம் தேதி, விதையனிடம் பதினொரு கிலோ காய் பறித்தார்கள். கூடையில் ‘குச்சியன் ரகம்’ என்று எழுதினார்கள்.