ஓட்டு வாங்காத கவர்னர்

துரைராஜ் பள்ளிக்கூட வாசலில் டி.வி.எஸ். ஃபிஃப்டியை நிறுத்திய வேகத்திலேயே வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு யாருக்கோ அர்ச்சனை இருக்கிறதென்று.

சேலையூரில் சிமென்ட், கம்பி வியாபாரம் அவருக்கு. மகள் மலர்க்கொடி ஐந்தாம் வகுப்பு. வருகிற ஆண்டு விழா நாடகத்தில் அவள்தான் முதலமைச்சர்.

அது சும்மா கிடைத்த வேஷமில்லை. ஒரு மாநிலத்தில் ஆட்சி எப்படி அமைகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க, அசரியா சார் வகுப்பிலேயே தேர்தல் வைத்தார். ஜெயித்த எம்.எல்.ஏ.க்கள் கூடி மலர்க்கொடியைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலன்று காலையில் வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்தனுப்பியது நம்ம துரைராஜ்தான் என்பது வேறு விஷயம்.

இப்போது அவருடைய எரிச்சலெல்லாம் கவர்னர்மேல். முதலமைச்சருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கிற அந்த வேஷத்தை ஜோனாலிக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

ஜோனாலி அசாமிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பெண். அப்பா தாம்பரம் ஏர்ஃபோர்ஸில் ஆபீசர். தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. யார் எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள். விளையாட்டில் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்வதுமில்லை.

துரைராஜோ கூடுவாஞ்சேரி, அனகாபுத்தூர் என்று இருக்கிற உறவையெல்லாம் அழைத்தாயிற்று. ஸ்டுடியோ ஆளுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அந்தப் பெண் மேடையில் திருதிருவென்று முழித்து வைத்தால், மகள் பதவியேற்கிற அழகு என்னாவது? மானம் கப்பலேறிவிடாதா?

அசரியா சாரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“இன்னா வாத்யாரே, நம்ம பசங்க எல்லாம் ஓட்டு வாங்கினு வந்து நிக்குதுங்க. ஒரு ஓட்டுகூட வாங்காத பொண்ணு நடு நாற்காலில குந்துமா?”

கவர்னரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, டெல்லியில் இருக்கிற ஜனாதிபதி நியமிக்கிறார், பெரும்பாலும் வெளி மாநிலத்துக்காரராகத்தான் இருப்பார் என்று அசரியா சார் பொறுமையாகச் சொன்னார்.

“எனக்கே பாடமா? ஆபீசர் வூட்டுப் பொண்ணுன்னு தூக்கி வெச்சிட்டீங்க. அதைச் சொல்லுங்க.”

அசரியா சார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் டி.வி.எஸ். ஃபிஃப்டி கிளம்பிவிட்டது.

விழா நாள். பெரிய கோட்டு ஒன்றைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு ஜோனாலி மைக் முன்னால் வந்து நின்றாள். எதிரே, பட்டுப் பாவாடையில் மலர்க்கொடி.

பிரமாணத்தில் கவர்னருக்கு ஒரே ஒரு வார்த்தைதான். ‘நான்’ என்று அவர் எடுத்துக் கொடுக்க, மற்றதையெல்லாம் முதலமைச்சர் சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. ஜோனாலியின் உதடு நடுங்கியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று துரைராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மலர்க்கொடி மட்டும் அவசரப்படவில்லை. ஜோனாலியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெல்லத் தலையசைத்தாள்.

“நான்...”

குரல் சின்னதுதான். ஆனால் மைக் பிடித்துக்கொண்டது.

அதற்காகவே காத்திருந்ததுபோல மலர்க்கொடி கணீரென்று தன் பெயரைச் சொல்லி, பிரமாணத்தை ஒரே மூச்சில் முடித்தாள். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் எழுந்து கைதட்டியது, முதலமைச்சருக்கு அல்ல, கவர்னருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகு ஜோனாலி முதல் தடவையாகச் சிரித்தாள். முன் வரிசையில் அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீ, இந்தக் குழந்தையையா வேண்டாமென்று சண்டை போட்டோம் என்று துரைராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கூட்டம் கலைந்ததும் அசரியா சாரைத் தேடிப் போனார்.

“ஆபீசர் பொண்ணு அது இதுன்னு அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் சார். மனசுல வெச்சிக்காதீங்க. சரியான ஆளாப் பாத்துதான் போட்டுகீறீங்க.”

“நான் வேற பொண்ணைத்தான் நினைச்சிருந்தேன் சார். தேர்தலுக்கு முன்னாடி, கவர்னரைப் பத்திப் பாடம் நடத்தின அன்னிக்கு சாயங்காலம் மலர்க்கொடி தனியா வந்து நின்னா.”

“நம்ம பொண்ணா? இன்னா சொல்லுச்சு?”

“‘தேர்தல்ல நின்னா ஜோனாலிக்கு ஒருத்தரும் ஓட்டுப் போட மாட்டாங்க சார். கவர்னருக்குத்தான் ஓட்டே வேணாமே, அதை அவளுக்குக் குடுத்துடுங்க’ன்னா.”