பிரிக்காத டின்னர் செட்

வெள்ள எச்சரிக்கை வந்ததும் அவசரப் பை தன் நான்கு கால்களால் தடதடவென்று மொட்டைமாடிக்கு ஓடியது. வீட்டார் எதைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கிறார்கள் என்று ஒரு வருஷம் கவனித்து, அதையெல்லாம் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் பை அது. முடிச்சூரில் இப்போது வீட்டுக்கு ஒன்று உண்டு.

மூச்சிரைக்கப் பின்னால் ஏறிய தணிகாசலம் பசியோடு அதைத் திறந்தார். பிஸ்கட்டும் இல்லை, டார்ச்சும் இல்லை. பிளாஸ்டிக் உறை கழற்றாத டிவி ரிமோட் இருந்தது. அதன் அடியில், கல்யாணத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகப் பிரிக்காத டின்னர் செட்.

"அப்பாடா, இது தப்பிச்சுது!" என்றாள் மனைவி மரகதவல்லி.

மத்தியானம் படகில் வந்தவர் சாம்பார் சாதப் பொட்டலத்தை மாடிக்கு வீசிவிட்டுப் போனார். விழுந்த வேகத்தில் அது கிழிந்து ஒழுகியது. தணிகாசலம் அவசரமாகத் தட்டு எடுக்கப் போனார்.

"ஐயையோ, அதைத் தொடாதீங்க! விருந்தாளி வந்தா எதுல போடறது?"

சுற்றிலும் ஆளுயரத்துக்குத் தண்ணீர். "இந்த வெள்ளத்துல யாரு வரப் போறா?" என்றார் அவர்.

பை நகர்ந்துபோய் மரகதவல்லியின் பக்கத்தில் நின்று, தன் ஜிப்பைத் தானே இழுத்து மூடிக்கொண்டது.

தணிகாசலம் கோயில் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டினார்.