தொடாத தட்டு

உப்பூற்றில் இருப்பது புதுவகை நுண்ணுயிர்தான் என்று நிரூபித்தே தீருவது என ஆய்வாளர் குல்ஷென் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு சொட்டு ஊற்றுநீரும் விடாமல் மூடிவைத்த வெறும் நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டில், மூன்று முறையும் இளஞ்சிவப்பாக ஒற்றை விரல்ரேகை முளைத்தது. முதலில் குழந்தை விரலளவு. பிறகு ஒவ்வொரு முறையும் சற்றுப் பெரிது. ஆய்வகத்தில் யாருடைய ரேகையும் பொருந்தவில்லை.

விடவில்லை அவள். பெரியவர் விரலளவுக்கு ரேகை முளைத்த நான்காவது தட்டோடு, ஊற்று இருக்கும் சிவாஸ் மலையடி உப்பளத்துக்கே போனாள். அங்கே ஊற்றிலிருந்து தண்ணீர் மொண்டு தரும் துர்முஷுக்கு வலக்கையில் நாலே விரல்.

"ஆள்காட்டி விரல் எப்பண்ணே போச்சு?"

"ஏழு வயசுல, மதகுல நசுங்கி ஊத்துக்குள்ள விழுந்துருச்சும்மா."

தட்டை வாங்கி, இடக்கை ஆள்காட்டி விரலை ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அட, என்கூடவே வளந்திருக்கே!"