பாதியில் நின்ற படம்

கதவு திறக்கப்போகிற நேரத்தில் சேனாபதி படத்தை நிறுத்திவிட்டார்.

"ஐயோ அங்கிள்! யார் திறக்கிறாங்கன்னு பாக்க வேணாமா?" என்று பதறினாள் வான்மதி.

"எப்பவும் இங்கதாம்மா நிறுத்துவோம்" என்றாள் அவர் மனைவி அபயாம்பாள்.

வான்மதி அமெரிக்காவின் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவள். பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் இந்தக் கறுப்பு வெள்ளை ஜப்பானியப் படத்தைப் போட்டார்கள்.

ஏதோ ஒரு சிறுகதையை வைத்து எடுத்த படமாம். போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவன், எரிந்துபோன நகரத்தில் தன் மகளைத் தேடி அலைகிறான். கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.

'அப்பா வந்திருக்கேன். கதவ திரம்மா' என்று திரையின் அடியில் தமிழில் நின்றது.

வான்மதிக்குச் சிரிப்பு வந்தது. "திறம்மாவுக்குச் சின்ன 'ர'! படம் பூரா இப்படித்தான் தப்பும் தவறுமா இருக்கு. எங்க புடிச்சீங்க அங்கிள் இத?"

"வீட்லயே இருந்துச்சு" என்றார் சேனாபதி.

"புரியுதுல்ல, அது போதும்" என்றாள் அபயாம்பாள். அவள் சிரிக்கவில்லை.

முடிவு சோகமாக இருக்குமோ என்று இரண்டு பேரும் பயப்படுகிறார்கள் போல. இளகிய மனசு, பாவம்.

"நான் கூட இருக்கேன்ல, பாத்துடலாம்" என்று ரிமோட்டை எடுத்தாள் வான்மதி. அவர்கள் தடுக்கவில்லை.

கதவு திறந்தது. உயிரோடு நின்றாள் மகள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் என்னென்னவோ பேசினாள். திரையின் அடியில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

"பாத்தீங்களா, பொண்ணு கெடச்சுட்டா! ஆனா சப்டைட்டில் நின்னுபோச்சே. செட்டிங்ஸ்ல பாக்கட்டுமா?"

கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். திரையில் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார் சேனாபதி. அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"செட்டிங்ஸ் சரியாத்தாம்மா இருக்கு" என்றாள் அபயாம்பாள். "எங்களுக்குப் புரியட்டும்னு, ஜப்பானிய மொழி படிச்ச எங்க பொண்ணு தமிழ்ல எழுதினது அது. இங்கயே பொறந்து வளந்த பொண்ணு."

வான்மதியின் கையிலிருந்து ரிமோட்டை மெல்ல வாங்கிக்கொண்டார் சேனாபதி.

"இதுக்கு மேல எழுத அவ இல்லம்மா."