கண்ணை மூடிக் கணக்கு

"பதினேழு கொட்டை வெச்சாச்சா? இப்ப எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. ஒன்பதைத் தள்ளிட்டு, மிச்சம் எத்தனைன்னு தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. நாற்பது குழந்தைகளும் கண்ணை மூடிக்கொண்டு புளியங்கொட்டையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான், நானும் பக்கத்து வீட்டுத் தணிகாசலமும் வாசலில் போய் நின்றோம். இருவரும் காஞ்சிபுரத்து முதலாளிக்குப் பட்டுச்சேலை நெய்கிறவர்கள். எங்கள் பிள்ளைகள் அந்த வகுப்பில்தான் படித்தார்கள்.

தணிகாசலத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இன்னாம்மா இது? மூணு தபா வரச்சொல்லி அனுப்பிச்சியே, இந்தக் கூத்தைப் பாக்கத்தானா?"

காந்தா டீச்சர் பதறி எழுந்தாள். "கொஞ்சம் வெளியே வாங்க, பேசலாம்."

"இன்னாவா இருந்தாலும் இங்கயே சொல்லு. எம் பொண்ணு கமலவேணி, தறியிலே அறுந்த இழையைப் பாக்காமலே தடவி முடிச்சுப் போடுவா. அம்மாம் கெட்டிக்காரி. அவளுக்குப் பல்லாங்குழி ஆடக் கத்துக்குடுத்துக்கினு இருக்கியே!"

டீச்சர் முதல் வரிசையில் இருந்த கமலவேணியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாயே திறக்கவில்லை. மாட்டிக்கொண்டு முழிக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

டீச்சரை மாற்றச் சொல்லித் தெருவில் இருபது பேர் மனுவில் கையெழுத்துப் போட்டோம். நாலாவது கையெழுத்து என்னுடையது. அந்த மாதமே டீச்சருக்குத் தென்னேரிக்கு மாற்றல் வந்தது. அறுபத்தெட்டாம் வருஷம் அது.

புறப்படும் அன்று அவள் தணிகாசலம் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். "மாத்தலை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வந்துட்டா" என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புது வாத்தியார் கண்டிப்பானவர். போர்டு நிறையக் கணக்கு எழுதிப் போடுவார். எங்களுக்கெல்லாம் பரம திருப்தி.

காந்தா டீச்சர் இருந்தவரை கணக்கில் முதலாவதாக இருந்த கமலவேணி, அரையாண்டுப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கினாள். ஸ்லேட்டில் ஓர் எண் கூட இல்லை.

"எல்லாம் அந்தம்மா கெடுத்து வெச்சது. நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்பா" என்று தணிகாசலம் என்னையும் இழுத்துக்கொண்டு தென்னேரிக்குப் பஸ் ஏறினார். அங்கே பள்ளிக்கூட வாசலிலேயே சத்தம் போட்டார்.

டீச்சர் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புது சார் கணக்கை வாயாலே சொல்றாரா, போர்டுலே எழுதிப் போடறாரா?" என்றாள்.

"போர்டுலதான். அதானே படிப்பு? பாத்து எழுதறதுக்கு அவளுக்கு இன்னா கேடு? இன்னிக்குக் காலையில கூட நாலு சாத்து சாத்திட்டுத்தான் வர்றேன்."

"அடிச்சீங்களா?" டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவளுக்குப் போர்டு தெரியலைங்க. முதல் வரிசையிலே உட்கார வெச்சும் தெரியலை. அதைச் சொல்லத்தான் மூணு தடவை கூப்பிட்டு அனுப்பினேன். அவ ஒருத்தியை மட்டும் தடவி எண்ணச் சொன்னா, மத்தப் பிள்ளைங்க குருடின்னு கேலி பண்ணும். அதான் நாப்பது பேரையும் கண்ணை மூடிக்கச் சொன்னேன்."